காதுக்குத் தனி டியூப்

போஹாங், 11 மார்ச் 2024

மியே,

போனில் எதைச் சொன்னாலும் 'ம்' என்கிறாய். பேசுவது தங்கையோடா சுவரோடா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை பெட்டிக்குள் கடிதமும் போட்டிருக்கிறேன். நீ ஹாலந்தில் வீடு வீடாகத் தபால் போடுகிறவள். கடிதத்தையாவது மதிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

மொத்தம் இருபத்துநாலு சன்ஸ்கிரீன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்திருந்தான். கடை திறக்கும் முன்பே போய் ஷட்டருக்கு வெளியே நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவள் காலேஜ் பெண். "அம்மா, இத்தனையும் உங்களுக்கா?" என்றாள். "என் கிட்னிக்கு" என்றேன். பயந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

ஒவ்வொரு டியூபிலும் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். நெற்றி, கன்னம், கழுத்து, புறங்கை. காதுக்குத் தனி டியூப். காது என்று ஒன்று இருப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே மறந்துவிடும், இல்லாவிட்டால் ஒரு பேச்சாவது கேட்டிருப்பாய்.

நீ கேட்ட, தண்ணீர் மாதிரி இருக்கிற க்ரீம் இல்லை இது. முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் வகை. நான்தான் பார்த்து எடுத்தேன். பிப்ரவரியில் நீ அனுப்பிய போட்டோவை என் பார்லரில் முடி சுருட்ட வந்தவர்களிடம் காட்டினேன். "ஒங்க தங்கச்சி கணவாய் மீன் காயப்போடுற வேலைக்கா வெளிநாடு போயிருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சீப்பைக் கீழே போடலாம் போல் இருந்தது.

உனக்கு மறந்திருக்கும், திரும்பச் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் என் இடுப்பைக் கிழித்து எடுத்து உனக்கு வைத்தது என் கிட்னி. அதை உன் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை. அந்த மாத்திரை தின்கிறவர்களுக்கு வெயில் ஆகாது, தோலில் புற்று வரும். அதனால் மழையானாலும் பனியானாலும் தினமும் க்ரீம் பூச வேண்டும். டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்து இதைச் சொன்னபோது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். குறித்துக்கொண்டது நான்.

செப்டம்பரில் அம்மாவின் நினைவு நாள். வந்து சேர். பார்லருக்கு வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தழும்பைக் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் எல்லோருக்கும் காட்டித்தான் இருக்கிறேன்.

என் கிட்னியை நன்றாகப் பார்த்துக்கொள்.

அக்கா குமோக்

~

மிடில்பர்க், 2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

பெட்டி வந்தது. உன் எழுத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் மரினூஸ், "அக்காவா? எத்தன பக்கத்துக்குத் திட்டு?" என்று கேட்டார். இரண்டு பக்கம் என்றேன். குறைந்திருக்கிறதே என்றார்.

நன்றி என்று முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிட்டேன் என்பாய்.

உன் வெளுப்பு க்ரீமை நான்கு நாள் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் அணைக்கட்டு ஓரத் தெருவில் யோஹன்னா என்கிற கிழவி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்து, "அய்யய்யோ, என்னம்மா, செத்தவ மாதிரி இருக்க! உள்ள வா, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். இந்த ஊரில் மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இது என் அக்கா அனுப்பிய அழகு என்று சொன்னேன். "அக்காவுக்கு ஒம்மேல என்ன கோவம்?" என்றாள்.

அக்கா, எனக்கு அழகு வேண்டாம். பூசினால் பூசினதே தெரியாமல் இருக்கிற அந்தத் தண்ணீர் க்ரீம்தான் வேண்டும். தினமும் ஐந்து மணி நேரம் சைக்கிளில் கடல் காற்றுக்கு எதிராக மிதிக்கிறேன். கண்ணில் நீர் வழியும், வியர்க்கும். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பது கண்ணுக்குள் இறங்கினால் மிளகாய்த்தூள்தான். விரல் பிசுக்கு கடித உறைகளில் ஒட்டி, ஒரு வக்கீல் புகார் எழுதியே கொடுத்துவிட்டார். மருந்துக் கடையில் நல்லது இருக்கிறது. ஆனால் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, முகம் கழுத்து காது கை என்று பூசி, மத்தியானம் இன்னொரு தடவை பூசினால் ஒரு டியூப் பத்து நாள்கூட வராது. மாதம் மூன்று வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. நம் ஊர் க்ரீமை இங்கே வரவழைத்து விற்கிறவனோ இரண்டு மடங்கு கேட்கிறான்.

அடுத்த பெட்டியில் அதை மட்டும் பன்னிரண்டு அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

செப்டம்பரில் வர முடியாது. லீவு இல்லை. இருந்தாலும் வரமாட்டேன். பார்லரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சட்டையைத் தூக்கிக் காட்ட நான் காட்சிப்பொருள் இல்லை. இன்னொன்று. 'என் கிட்னி, என் கிட்னி' என்று எழுதாதே. நீ கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டேன். ஆறு வருஷமாக அதைக் கழுவித் துடைத்து வைத்திருப்பது நான்.

மியே

~

போஹாங், 9 மே 2024

மியேக்கு,

போன சனிக்கிழமை பார்லரில் நான்கு பேர் தலையில் மருந்து போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே, "ஹாலந்துல நம்ம ஊரு க்ரீமு ஒரு யூரோவாம்டி, தரையில போட்டு விக்கிறான்" என்றாள். அங்கே படிக்கிற நம் ஊர்ப் பெண் ஒருத்தி ராஜா பிறந்தநாள் தெருச் சந்தையில் போட்டோ பிடித்துப் போட்டிருக்கிறாள். மிடில்பர்க்கில் அதிர்ஷ்டம் அடித்தது என்று தலைப்பு வேறு.

போனை வாங்கிப் பார்த்தேன். நடைபாதையில் ஒரு பழைய போர்வை. அதன் மேல் துருப்பிடித்த பனிச்சறுக்கு ஷூ, மூடி இல்லாத டீ கெட்டில், ஒரு கை இல்லாத பொம்மை. நடுவில் வரிசையாக என் டியூப்கள். 'நெற்றி' என்று என் கையெழுத்து. 'காது' என்று என் கையெழுத்து.

அந்த நான்கு பேருக்கும் என் எழுத்து தெரியும். சுவரில் விலைப்பட்டியல் நான் எழுதியதுதான். ஒருத்தி மெதுவாக, "ஒங்க தங்கச்சிக்கு அனுப்புனதாக்கா?" என்று கேட்டாள். மற்ற மூன்று பேரும் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷமாக உன் கதையைச் சொல்லித்தான் அந்தக் கடையில் தலை நிமிர்ந்து நின்றேன். இல்லை, வேறு யாரோ என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு யூரோ. என் கிட்னியை என்ன விலைக்கு வைத்திருந்தாய்? அதை யாரும் வாங்கவில்லையா? பேரம் படியவில்லையா?

போனில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். இனி பெட்டியும் வராது. உனக்கு ஒரு ராஜா இருக்கிறாரே, அவரைக் கேட்டுக் க்ரீம் வாங்கிக்கொள்.

குமோக்

~

மிடில்பர்க், 24 மே 2024

அக்கா,

போன் எடுக்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

ராஜா பிறந்தநாள் அன்று இந்த நாடே வீட்டில் வேண்டாததைத் தெருவில் பரப்பி விற்கும். யாரும் தவறாக நினைப்பதில்லை. மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டை மாமியார் கண்ணெதிரிலேயே விற்பார்கள், மாமியாரே பேரம் பேசி வாங்கிப்போவாள். மரினூஸ் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர். அலமாரியில் இருபது டியூப் சும்மா கிடக்கிறதே என்று எடுத்துப்போய் வைத்துவிட்டார். அவருக்கு உன் எழுத்தைப் படிக்கத் தெரியாது. அழகாகக் கோடு போட்டிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

இதோடு நிறுத்திவிட்டால் எல்லாப் பழியும் அவர் மேல் போய்விடும். ஆனால் நானும் அந்தப் போர்வையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு யூரோ சொன்னார். ஒரு யூரோ போதும் என்று சொன்னது நான். சீக்கிரம் போகட்டும் என்று தோன்றியது. 'நெற்றி', 'காது' என்ற எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீ எனக்கு முன்னால் நின்று விரலை ஆட்டுவது போலவே இருக்கும். அன்று கடைசி டியூப் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உனக்கு வலிக்கும் என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவமானப்பட்டாய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், நிஜமாகவே.

ஆனால் கோடை வந்துவிட்டது அக்கா. ராத்திரி பத்து மணி வரை இங்கே வெளிச்சம். நீ முன்பு அனுப்பிய தண்ணீர் க்ரீமில் இரண்டு டியூப்தான் மிச்சம். ஜூன் நடுவில் தீர்ந்துவிடும். போர்வை விஷயத்துக்கு நீ எப்படி வேண்டுமானாலும் திட்டு, செப்டம்பரில் வேண்டுமானால் லீவு கேட்டுப் பார்க்கிறேன். பன்னிரண்டு மட்டும் அனுப்பிவிடு. இது அழகுக்கு இல்லை, உனக்கே தெரியும்.

மியே

~

போஹாங், 12 ஜூன் 2024

மியேக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பன்னிரண்டும் வாங்கி வைத்திருந்தேன். நீ கேட்ட அதே தண்ணீர் க்ரீம். ஏப்ரலிலேயே வாங்கி, பெட்டியில் அடுக்கி, உன் விலாசமும் எழுதி முடித்துவிட்டேன்.

ஒரு யூரோ போதும் என்று சொன்னது நீதான் என்று படித்ததும் பெட்டியைப் பிரித்துவிட்டேன். முடி சுருட்ட வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று இலவசமாகக் கொடுக்கிறேன். எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார்கள். "கண்ணே எரியலக்கா, பூசுனதே தெரியல" என்கிறார்கள். உனக்கும் வலிக்கும் என்று தெரியும். எனக்கும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பருக்கு வரவேண்டாம். அம்மாவின் படத்துக்கு முன்னால் பேரம் பேசுகிறவர்களுக்கு இடமில்லை.

குமோக்

~

மிடில்பர்க், 19 ஆகஸ்ட் 2024

அக்கா,

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. ஜெயித்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஜெயித்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

ஜூன் நடுவில் உன் க்ரீம் தீர்ந்தது. சூப்பர் மார்க்கெட் வகைகள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேங்காய் வாசனை ஒன்று, அதைப் பூசிய நாளெல்லாம் குளவி என் பின்னால் வந்தது. குழந்தைகளுக்கான நீல நிறம் ஒன்று. ஸ்டிக் மாதிரி ஒன்று, காற்றில் பறக்கிற மணலெல்லாம் அதில் ஒட்டி, மூன்று மணிக்குள் என் கன்னத்தில் தேங்காய்த்துருவி போல் உரசியது. எல்லாமே கண்ணை எரித்தன. ஒருநாள் இரண்டு கண்ணையும் மூடித் திறக்க முடியாமல், நின்றிருந்த வேனில் சைக்கிளோடு போய் மோதினேன். முழங்கையில் ஐந்து தையல்.

இங்கே கோடையில் நகராட்சியே கடற்கரையில் கம்பம் நட்டு இலவசமாக சன்ஸ்கிரீன் வைக்கிறது. கையை நீட்டி அமுக்கினால் ஒரு பிதுக்கு விழும். ஜூலையில் டோம்பர்க் கடற்கரைக்கு ஜாம் பாட்டிலோடு போனேன். முப்பது தடவை அமுக்கியிருப்பேன். எனக்குப் பின்னால் குழந்தைகளோடு வரிசை நீண்டுவிட்டது. ஒருத்தி, "ஏங்க, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் புருஷன், "விடு, அவங்க ஊர்ல இதெல்லாம் கெடைக்காது போல" என்றான். "நான் இந்த ஊர்தான். பதினாலு வருஷமா உங்க தெருவுக்குத் தபால் போடுறது நான்தான்" என்றேன். "அப்ப சம்பளம் வருதுல்ல, கடையில வாங்குங்க" என்றான். அவன் பிள்ளை என் பாட்டிலைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டது. பாதி பாட்டிலோடு திரும்பி வந்தேன். அதுவும் எரிந்தது.

அன்று உன்னை நினைத்தேன். நல்லவிதமாக இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கண்ணைச் சுற்றிப் பூசுவதை விட்டேன். பிறகு கன்னத்தோடு நிறுத்தினேன். மேகமாக இருந்தால் அதுவும் இல்லை. தொப்பி போட்டுக்கொண்டேன், காற்று தூக்கிக்கொண்டு போகாத நேரத்தில்.

இப்போது நல்ல செய்தி. போன வாரம் ஊருக்கு வெளியே இருக்கிற கழிவு விலைக் கடையில், கொசு மருந்துக்கும் நாய் ஷாம்புவுக்கும் நடுவில், பெயர் தெரியாத கம்பெனி ஜெல் ஒன்று கிடந்தது. நான்கு யூரோ அறுபது. கடையிலேயே திறந்து கண் இமை வரை பூசிப் பார்த்தேன். எரியவில்லை. பிசுக்கு இல்லை, வாசனை இல்லை. அலமாரி முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன். கடைப் பையன் பணம் கொடுத்துவிட்டுச் சிரிக்கச் சொன்னான். பதினெட்டு வாங்கிவிட்டேன்.

காதில் மட்டும் கொஞ்சம் சுருக்கென்கிறது. இடது காது மேல் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு இருக்கிறது, தொப்பி உரசியிருக்கும்.

இனி உன் பெட்டி எனக்கு வேண்டாம் அக்கா. உனக்கு இதுவரை என் மேல் இருந்த ஒரே பிடி அதுதான், அதுவும் போய்விட்டது. முடி சுருட்ட வருகிறவர்களுக்கே எல்லாவற்றையும் கொடு.

மியே

~

போஹாங், 6 செப்டம்பர் 2024

மடச்சி,

மூன்று பக்கத்துக்குத் தேங்காய் வாசனையும் குளவியும். கடைசியில் ஒரு வரியில் காது.

சொரசொரப்பு எத்தனை நாளாக இருக்கிறது? உதிர்ந்து திரும்ப வருகிறதா? ரத்தம் கசிகிறதா? தொப்பி உரசினால் இரண்டு காதும் உரசியிருக்க வேண்டாமா? இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது நீ எங்கே நின்றாலும் அப்படியே திரும்பி டாக்டரிடம் போ. நாளைக்கு இல்லை, இன்றைக்கு.

என் கிட்னியைக் கொண்டுபோய் இப்படி ஒரு முட்டாளிடம் கொடுத்தேனே. நாய்க்கு வைத்திருந்தால்கூட அது நிழலில் படுத்திருக்கும்.

அம்மாவின் நினைவு நாள் நேற்று முடிந்தது. நீ வராதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

போன் பிளாக்கை எடுத்துவிட்டேன். டாக்டர் சொன்னதைச் சொல்ல மட்டும் கூப்பிடு.

குமோக்

~

மிடில்பர்க், 14 ஜனவரி 2025

அக்கா,

போனில் நான் சொல்லமாட்டேன். உன் குரலைக் கேட்டால் பாதியில் மாற்றிச் சொல்லிவிடுவேன்.

நவம்பரில் நான் எழுதிய இரண்டு வரி கிடைத்திருக்கும். காதின் மேல்பாதியை வெட்டி எடுத்தார்கள், புற்றுதான். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அங்கேயும் போயிருக்கிறது. அதையும் எடுத்தார்கள். இடது பக்கம் தாடையிலிருந்து தோள் வரை தையல். மரினூஸ் தினமும் துடைத்துவிடுகிறார், துடைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வியாழன் தோல் டாக்டரும் கிட்னி டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். தோல் டாக்டர் சின்னப் பெண். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கிட்னிய காப்பாத்தணும்னா மாத்திரை வேணும். புத்து திரும்ப வராம இருக்கணும்னா மாத்திரைய ரொம்ப கொறைக்கணும். கொறைச்சா கிட்னி போனாலும் போகலாம். ரெண்டுக்கும் சேர்த்து எங்களால உத்தரவாதம் தர முடியாது. நீங்க என்ன நெனைக்கிறீங்க?" இங்கே டாக்டர்கள் இப்படித்தான். நம் ஊர் மாதிரி முடிவெடுத்துவிட்டுச் சொல்லமாட்டார்கள். நோயாளியைக் கேட்பார்கள், கேட்டுவிட்டு பேனாவைத் திறந்து வைத்துக்கொள்வார்கள்.

ஒரு வாரம் யோசித்துச் சொல்லலாம் என்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. தோல் என்னுடையது. கிட்னி உன்னுடையது. ஏழு வருஷமாக நீதானே சொல்லிக்கொண்டிருக்கிறாய்? என்னுடையதை வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள்.

நீ டிசம்பரில் அனுப்பிய பெட்டியும் வந்தது. நாற்பது டியூப், எல்லாம் தண்ணீர் க்ரீம். மேலே அனுப்பியவர் விலாசம் தெளிவாக இருந்தது, அதனால் திருப்பி அனுப்புவதில் எனக்குச் சிரமம் இல்லை. பெறுநர் ஏற்க மறுப்பு என்று நானே முத்திரை குத்தினேன்.

ஜூனில் அந்தப் பன்னிரண்டை நீ யார் யாருக்குக் கொடுத்தாய் என்று பெயர் ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் காதெல்லாம் நன்றாக இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

மியே

~

போஹாங், 3 பிப்ரவரி 2025

மியே,

எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று உன் போனிலேயே இருக்கும். எடு.

பெட்டி திரும்பி வந்தது. பார்லரில் எல்லோர் முன்னாலும்தான் தபால்காரன் கொண்டுவந்து வைத்தான். "அக்கா, வேண்டாம்னு திருப்பிட்டாங்க, கையெழுத்துப் போடுங்க" என்றான். போட்டேன். இந்தத் தடவை யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேர் பெயரும் எனக்குத் தெரியும். கேட்டாயே, தெரியும். நீ கேட்காவிட்டாலும் தினமும் ஒவ்வொருத்தியாக வந்து என் முன்னால் தலையைக் கொடுத்து உட்காருகிறாள். காதோரம் முடியை ஒதுக்கினால், கத்தரியைப் பிடித்தபடி அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போன வாரம் ஒருத்திக்குக் கத்தரி பட்டுவிட்டது.

உன் சின்ன டாக்டரம்மாவிடம் போய்ச் சொல், முடிவை மாற்றிக்கொண்டேன் என்று. மாத்திரையைப் பழையபடி தின்னு. தோலில் வந்தால் வெட்டிக்கொள்ளலாம், எங்கே வந்தாலும் வெட்டிக்கொள்ளலாம். ஒரு காது போனால் என்ன, மூக்கு போனால் என்ன, உன் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எழுதிய பிறகு அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன், நான் இப்படித்தான் பேசுவேன், உனக்குத் தெரியும்.

நம் ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு அறுத்த டாக்டரைப் பார்த்தேன். மிச்சம் இருக்கிற இன்னொன்றையும் எடுத்து அவளுக்கு வையுங்கள் என்றேன். சிரித்தார். "ஒங்களுக்கு வேண்டாமாம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

உன்னுடையதுதான் அது. கொடுத்துவிட்டேன், உன்னுடையதுதான். எழுதிவிட்டேன் பார். இப்போதாவது வைத்துக்கொள்.

அக்கா

~

போஹாங், 20 மே 2025

மியே,

உன் புருஷன் போன் செய்தார். அவர் பேசிய இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது மூன்றே வார்த்தை. கிட்னி, நின்றுவிட்டது, சாரி.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நீ வேண்டுமென்றே செய்தாய். கத்தியை எடுத்து என் இடுப்பில் குத்தியிருந்தால் இதைவிட மரியாதையாக இருந்திருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. அதை எடுத்த பிறகு என்ன செய்தார்கள்? குப்பையில் போட்டார்களா, எரித்தார்களா? என் உடம்பிலிருந்து போனது, கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. தரமாட்டோம் என்றால் சண்டை போடு. சின்ன ஜாடியில் வைத்தாவது அனுப்பச் சொல். அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்துவிடுகிறேன்.

குமோக்

~

மிடில்பர்க், 8 ஜூன் 2025

அக்கா,

திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். எட்டு நாற்காலி இருக்கிற அறை. பக்கத்து நாற்காலிக் கிழவர் என்னைப் பார்த்த முதல் நாளே, "காது எங்க போச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் தன் காலைப் பற்றிச் சொன்னார், அது கதையாக இரண்டு மணி நேரம் ஓடியது. தபால் வேலையை விட்டாயிற்று. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கழுத்தில் இதுவரை எதுவும் திரும்ப வரவில்லை. க்ரீம் பூசினாயா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. சில நாள் பூசுகிறேன், சில நாள் மறந்துவிடுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டிருந்தேன். ஜனவரியில் அந்தச் சின்ன டாக்டரிடம் நான் கேட்டேன், ஒரு கோடை முழுக்கச் சரியாகப் பூசாததால்தான் வந்ததா என்று. "சேச்சே, ஒரு கோடைல வர்றதில்ல இது. பதினாலு வருஷம் வெயில்ல சுத்தியிருக்கீங்க, ஏழு வருஷம் மாத்திரை தின்னிருக்கீங்க. போன கோடைல நீங்க வீட்டுக்குள்ளயே இருந்திருந்தாலும் வந்திருக்கும்" என்று சொன்னாள். உன் பன்னிரண்டு டியூப் வந்திருந்தாலும் இதே காது போயிருக்கும். அது தெரிந்துகொண்டே அந்தக் கடிதத்தை எழுதினேன். தெரிந்துகொண்டே அவர்கள் காதெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நீ ஒரு குளிர்காலம் முழுக்க அழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அழுதிருப்பாய். எனக்கு அதில் கிடைத்த சந்தோஷம் இரண்டு வாரம்கூட வரவில்லை.

பிப்ரவரியில் நீ எழுதிய கடைசி வரியைப் படித்தபோது இன்னும் நேரம் இருந்தது. முடிவை மாற்றியிருக்கலாம், டாக்டரும் கேட்டாள். உன்னுடையதுதான் என்று நீ எழுதிய பிறகு அதை வைத்துக்கொண்டால், அதையும் நீ கொடுத்ததாகிவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் பயமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். அதை எடுக்கவில்லை, அக்கா. எடுக்கமாட்டார்களாம். நின்றுபோனாலும் இடைஞ்சல் செய்யாதவரை உள்ளேயே விட்டுவிடுவதுதான் வழக்கம் என்று சொன்னார்கள். நாளாக ஆகச் சுருங்கிவிடுமாம். வலது அடிவயிற்றில் கை வைத்தால் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. மரினூஸ் தூங்கும்போது அந்தப் பக்கம் கை போடுவதில்லை.

அதனால் உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. நீ புதைப்பதாக இருந்தால் என்னையும் சேர்த்துத்தான் புதைக்க வேண்டும், அதற்கு நீ எனக்குப் பின்னால் சாக வேண்டும். பன்னிரண்டு வயது மூத்தவள் நீ. பார்லர் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

மியே